எங்க வீட்டு வட்டமெல்லாம் வெள்ளை

முதல்ல அந்தப் பென்சிலைக் கீழ வையி தாயி. கருப்படிக்கிறதுக்கு எங்க வீட்டுல ஆளு கிடையாது. வந்த வெயிலுக்கு ஒரு சோடா குடி. பன்னீர் சோடா, நெஞ்சுக்கு நல்லது. அந்த பெஞ்சுல இந்த ஓரமா உட்காரு, அந்த ஓரம் ஆணி துருத்திக்கிட்டு இருக்கும், சேலையைக் கிழிச்சுடும்.

ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பொம்பளை வரும், குடும்ப விவரம் எழுதிட்டுப் போகும்னு போன்ல சொன்னாங்க. நானும் ரேஷன் கார்டுக்கு எழுத வர்ற மாதிரி, பேரு, வயசு, கேஸ் இருக்கா இல்லையான்னு கேப்பாங்கன்னு நினைச்சேன். நீ என்னடான்னா இம்மாம் பெரிய தாளை விரிச்சு ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம், மனசு சரியில்லாம இருந்தவங்களுக்குக் கருப்புன்னு கோலம் போட வந்திருக்க. காலேஜ்ல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?

சரி, போடு. எம் மக வடிவுக்குக் கருப்படிச்சுட்ட. அது தப்பில்ல. கால்ல தகடு வச்சு உங்க கட்டில்லதான் படுத்திருக்கா, அவளுக்கு அடிக்காம யாருக்கு அடிப்ப. அதோட நிறுத்திக்கிடணும். அவளுக்கு மேல நானு, பக்கத்துல எங்க வீட்டுக்காரர், எனக்கு மேல எங்க அம்மா. எல்லாம் வெள்ளை. எனக்குப் பக்கத்துல ஒரு வட்டம் தொங்குதே, அது யாரு? தங்கச்சியா? வடிவு சொன்னாளா? ஊசி மயக்கத்துல சொல்லியிருப்பா. எனக்குக் கூடப்பிறந்தவ யாரும் கிடையாது. அழிச்சிடு. ரப்பர் இல்லையா? கடையில இருக்கு, எடுத்துத் தரேன்.

நீ என்ன சொல்ற, ரத்தத்துல வருமா? மூக்கு வரும், நிறம் வரும், வழுக்கை வரும். சர்க்கரை வரும்கிறாங்க, அதுவும் சரி. துக்கம் எப்படி தாயி ரத்தத்துல வரும்? சந்தோஷம் வருமா? அதென்ன, சந்தோஷம் கூடிப்போனாலும் சீக்கு, குறைஞ்சு போனாலும் சீக்கு, ரெண்டும் ஒரே கொடியில காய்க்கும்னு உங்க டாக்டர் சொல்றாரு. கேக்குறதுக்கே சிரிப்பா இருக்கு. படிச்சவங்களுக்கு எதையாவது சொல்லணும்.

ஏன் சிரிக்கிறேன்னா, குடும்பத்தைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர வேண்டியதில்ல. இந்தக் கழுகுமலையில எந்த வீட்டுல எது ஓடுதுன்னு நான் கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். நாப்பது வருஷமா தெருமுனையில கடை. பொண்ணு பாக்க வர்றவன், மாப்பிள்ளை பாக்க வர்றவன் எவனும் நேரா வீட்டுக்குப் போக மாட்டான். முதல்ல தெருமுனைக் கடைக்குத்தான் வருவான். ஒரு சோடாவை வாங்கிக் கையில வச்சுக்கிட்டு, வெயில் அதிகம்தாம்பான். அப்புறம் மெதுவா, அந்தப் பச்சைக் கதவு வீடு எப்படிம்மான்னு கேப்பான். அது எல்லா ஊர்லயும் உள்ள வழக்கம்தான். ஆனா இந்த ஊர்ல அந்தக் கடை என் கடை.

நான் ஒருத்தரையும் ஒரு வார்த்தை குறையாச் சொன்னதில்ல. சாமி சத்தியமா. நல்ல குடும்பம்னா, கண்ணை மூடிட்டுக் கொடுங்கன்னு சொல்லிடுவேன். அந்தக் குடும்பத்துல ஏதாவது இருந்தா, நான் பேச மாட்டேன். எந்திரிச்சுப் போயி காலி சோடா பாட்டிலைக் கழுவ ஆரம்பிச்சுடுவேன். அவ்வளவுதான். வந்தவன் புரிஞ்சுக்குவான். பாட்டிலை நான் ரெண்டு தடவை கழுவினா, விஷயம் பெருசுன்னு அர்த்தம்.

மேலத்தெரு வாத்தியார் வீடு அப்படித்தான். பொண்ணு மகாலட்சுமி கணக்கா இருக்கும். ஆனா வாத்தியாரோட தம்பி ஒருத்தர், மழை பெய்யுறப்ப குடையை மடக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு நடப்பாரு, வெயிலடிக்கிறப்ப விரிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள உட்காருவாரு. மூணு தடவை அந்தப் பொண்ணுக்கு ஆள் வந்துச்சு. மூணு தடவையும் நான் பாட்டில் கழுவினேன். வம்சத்துல இருக்கிறது வராமப் போகுமா? வந்தவன் பிள்ளைகுட்டி நாளைக்கு என்ன ஆகும்? நான் செஞ்சது தர்மம்தானே. அந்தப் பொண்ணுக்கு இப்ப நாப்பத்தஞ்சு வயசு, பால்வாடியில வேலை பாக்குது, நல்லாத்தான் இருக்கு. கல்யாணம் ஆகல. நம்ம கடைக்கு வராது, தாண்டிப் போயி பஸ் ஸ்டாண்டுல வாங்கும். கர்வம்.

என்ன பாக்குற? துக்கம் ரத்தத்துல வராதுன்னு இப்பத்தானே சொன்னீங்கம்மான்னு கேக்குறியா? அது வேற தாயி. அது அடுத்த வீடு.

ஏ பாண்டிச்செல்வி, ஷாம்பு எத்தனை? நாலா? தலைக்குத் தேக்கிறியா சோத்துக்கு ஊத்துறியா? எடுத்துட்டு நட. இங்க நின்னு காதைத் தீட்டாத, இவங்க மகளிர் குழு லோனுக்கு வந்திருக்காங்க.

போயிட்டாளா. ம்.

வடிவு விஷயத்துக்கு வரேன். எம் மக அப்படிப்பட்டவ இல்ல, அதை முதல்ல எழுதிக்கோ. பள்ளிக்கூடத்துல அறிவியல் டீச்சர். முப்பத்திமூணு வயசு. அவ பேசினா மணி அடிச்ச மாதிரி இருக்கும். போன கார்த்திகையில திடீர்னு பேச்சு நின்னுபோச்சு. பள்ளிக்கூடம் போகல. குளிக்கல. சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டா. கூப்பிட்டா திரும்பல. சோத்தைப் பிசைஞ்சு வாய்கிட்டக் கொண்டு போனா கண்ணுல தண்ணியா வடியுது, வாய் திறக்கல. நான் என்ன நினைச்சேன், வயசு ஏறுது, கல்யாணம் ஆகல, மனசுல வச்சுப் புழுங்குதுன்னு நினைச்சேன். திட்டியும் பாத்தேன். முருகன் கோயில்ல மொட்டை போடுறேன்னு வேண்டியும் பாத்தேன். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் டவுன்ல ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்.

அவர் நல்ல மனுஷன். பொறுமையா உட்கார வச்சுக் கேட்டார். அவ பதில் சொல்லல, நான்தான் சொன்னேன். கடைசியில என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இவங்க குடும்பத்துல, அப்பா வழி, அம்மா வழி, யாருக்காவது இப்படி இருந்திருக்கா? இல்ல, இதுக்கு நேர்மாறா, தூக்கமே இல்லாம ஓவரா உற்சாகமா, செலவும் பேச்சுமா இருந்தவங்க உண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, இதை வச்சுத்தான் நான் மாத்திரை எழுதணும்"னு கேட்டார்.

நான் யோசிக்கவே இல்ல. "எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர்"னு சொல்லிட்டேன்.

நாப்பது வருஷமா அடுத்த வீட்டைப் பத்திச் சொல்லிச் சொல்லித்தான் பழக்கம். என் வீட்டைப் பத்திக் கேட்டா வாயில அதுதான் வரும். வேற என்ன சொல்லச் சொல்ற? அந்த அறைக்கு வெளிய நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க. கதவு நல்லாச் சாத்தலை.

அவர் மாத்திரை எழுதினார். இருபதாவது நாள் எம் மக எந்திரிச்சா. எனக்குச் சந்தோஷம்னா சந்தோஷம். குளிச்சா, பூ வச்சா, பேசினா. அப்புறம் பேசினா, பேசினா, பேசிக்கிட்டே இருந்தா. விடிய விடிய வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிச்சா. அடிச்சது போதாதுன்னு நீலம் அடிச்சா. என் கடையில இருந்த கடலை மிட்டாய், பிஸ்கோத்து, பொம்மை, சிலேட்டு எல்லாத்தையும் பள்ளிக்கூட வாசல்ல கொண்டு போயி அள்ளி அள்ளிக் கொடுத்தா. நான் ஓடிப் போயி பிடிச்சா, "அம்மா, சூரியன் பில்லு போட்டாத் தருது?"ன்னு கேக்குறா. டீச்சர் பிள்ளைக்குப் பேச்சுக்கா பஞ்சம். நாலாவது நாள் திருச்செந்தூர் கடலைத் தொட்டுட்டு மத்தியானச் சோத்துக்குத் திரும்பிடுறேன்னு ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுப் போனா. எட்டையபுரம் தாண்டல. பாலத்துக் கைப்பிடிச் சுவர்ல மோதித் தூக்கி எறிஞ்சுடுச்சு. தொடை எலும்பு ரெண்டு துண்டு. தலைக்கவசம் போட்டிருந்ததால உசிரு மிஞ்சுச்சு. அந்தக் கவசத்துலயும் நீலம் அடிச்சு வச்சிருந்தா.

இப்ப உங்க பெரிய டாக்டர் என்ன சொல்றாரு? துக்கம் மட்டும்னு நினைச்சுக் கொடுத்த மாத்திரை, இந்த ரெட்டைச் சீக்கு உள்ளவங்களை இப்படித் தூக்கிவிட்டுடலாமாம். அந்த டாக்டரைக் குத்தம் சொல்ல முடியாது, அவர்கிட்ட வீட்டு விவரம் இல்லன்னாரு. சொல்லிட்டு என்னையே பாத்தாரு. நான் மின்விசிறியைப் பாத்தேன். அப்புறம் சொன்னாரு, வீட்டுல யாருக்காவது இப்படி இருந்து, ஏதோ ஒரு மாத்திரை கேட்டுக் குணமாகியிருந்தா, இவளுக்கும் அது கேக்கிறதுக்கு வாய்ப்புக் கூட, அதுலயே தொடங்கலாம். தெரியலன்னா ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்கணும், ஒவ்வொண்ணுக்கும் வாரக்கணக்கு ஆகும், அதுக்குள்ள அவ மறுபடி சுவத்தைப் பாத்துப் படுத்தாலும் படுப்பா, அப்படிப் படுத்தா இந்தத் தடவை உயிருக்கே பயம்னு. அதுக்குத்தான் உன்னை அனுப்பியிருக்காரு. தெரியுது. நான் ஒண்ணும் புரியாதவ இல்ல. நாலாவதோட நின்னவதான், ஆனா காது நல்லாக் கேக்கும்.

அதனால சொல்றேன், எழுதிக்கோ. வந்திருந்தா அவங்க அப்பா வழியிலதான் வந்திருக்கணும். எங்க வழியில கிடையாது.

எங்க வீட்டுக்காரர் சங்கிலி தங்கமான மனுஷன், எட்டு வருஷத்துக்கு முன்னால மாரடைப்புல போயிட்டார். அவர் குடும்பம் இருக்கே, அது ஒரு குடும்பம். அவருக்கு ஒரு அண்ணன், பூவலிங்கம்னு. அந்த ஆளு பத்து நாள் ராசா மாதிரி இருப்பாரு. ஊர்ல எல்லாருக்கும் வேட்டி எடுப்பாரு. தேர் இழுக்கிற அன்னிக்குத் தனியா ஒரு மேளம் வச்சுக்கிட்டு சாமிக்கு முன்னால நடந்து வந்தவரு, நான்தான் சாமிக்கு வழி காட்டுறேன்னு. அப்புறம் ஆறு மாசம் கதவை அடைச்சுக்கிட்டு இருப்பாரு. தாடி நெஞ்சு வரைக்கும் கிடக்கும். சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் வழியாத் தள்ளுவோம், தள்ளினபடியே திரும்பி வரும். அந்தக் குடும்பத்துல யாருக்கும் அது சீக்குன்னு தோணல பாரு. ராசி சரியில்லம்பாங்க. பேய் பிடிச்சிருக்கும்பாங்க. அறிவு கெட்ட குடும்பம்.

ஒரு நாள் கமலைக் கிணத்துக்குக் குளிக்கப் போனவர் திரும்பி வரல. கால் வழுக்கி விழுந்துட்டார்னு எல்லாருக்கும் சொன்னோம். ஊரும் சரின்னு கேட்டுக்கிச்சு. அந்தக் கிணத்துல வழுக்கி விழுறதாவது. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு அந்தக் கிணத்துல நீச்சல் கத்துக் கொடுத்ததே அவருதான். எனக்கே ஏழு வயசுல இடுப்புல சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டது அவருதானே. சீனிக்குட்டி, பயப்படாத, தண்ணி உன்னைத் தாங்கும்பாரு.

கருப்படி அந்த ஆளுக்கு. நல்லா அழுத்தி அடி.

என்ன, பென்சில் நிக்குது? என்ன கேக்குற? ஏழு வயசுலயா? ஆமா, ஏழு வயசுலதான். அப்ப எனக்குக் கல்யாணமா ஆகியிருந்துச்சுன்னா? அடப்போ தாயி. அவர் எங்க அம்மாவுக்கு அண்ணன். எங்க வீட்டுக்காரர் எங்க அம்மாவுக்குத் தம்பி. நான் கட்டினது தாய்மாமனைத்தான். எங்க பக்கத்துல அதுதான் முறை. தாய்மாமன் இருக்கிறப்ப வெளியில கொடுத்தா எங்க பாட்டன் அரிவாளை எடுத்துருப்பாரு. சொத்து வீட்டை விட்டு வெளிய போயிடக்கூடாதுன்னு கட்டி வச்சாங்க.

இப்ப எதுக்கு எனக்கும் அவருக்கும் நடுவுல ரெட்டைக் கோடு போடுற? ரத்த உறவுக் கல்யாணத்துக்கு அப்படித்தானா. போடு. அந்தக் கோட்டை எங்க கொண்டு போற? மேல... அவங்க அம்மா... அது எங்க அம்மாவுக்கும் அம்மாதான், ஆமா. இங்கிட்டுத் திரும்பி... எங்க அம்மா கிட்டயே வந்து நிக்குதே. அப்ப பூவலிங்கம் வழி இந்தக் கோட்டுல எனக்கும் வருது, அந்தக் கோட்டுல எங்க வீட்டுக்காரருக்கும் வருது, ரெண்டும் சேர்ந்து வடிவுக்கு வருது.

ம்.

இருபத்தஞ்சு வருஷம் இந்த வீட்டுல ஏதாவது ஒண்ணுன்னா, உங்க குடும்பப் புத்தி அதுதானேன்னு எங்க வீட்டுக்காரரைச் சொல்லுவேன். அந்த மனுஷன் ஒரு நாளாவது, உங்கம்மா எந்தக் குடும்பம்டின்னு திருப்பிக் கேட்டிருக்கலாம். கேக்கல. சிரிச்சுக்கிட்டே போயிடுவாரு. அதான் மாரடைப்பு.

சொத்து வெளிய போகல தாயி. வேற எதுவும் வெளிய போகல போலிருக்கு.

அதுக்காக நீ எனக்குக் கருப்படிச்சுடாத. நான் இரும்பு. நாப்பது வருஷத்துல இந்தக் கடையை நான் அடைச்சது ஒரே தடவைதான். அதுவும் டைபாய்டு. வடிவு பிறந்து முப்பது நாள் இருக்கும். அஞ்சு மாசம் படுக்கை. எந்திரிக்க முடியல. சுவத்தைப் பாத்துப் படுத்திருப்பேன், சுவத்துல ஒரு விரிசல் இருக்கும், அது ஓடுற வழியையே பாத்துக்கிட்டு இருப்பேன். பிள்ளையைக் கொண்டு வந்து பக்கத்துல போட்டா, திரும்பிக்குவேன். அதோட மூஞ்சியைப் பாக்கப் பயமா இருக்கும். கோமுதான் புட்டிப்பால் கரைச்சுக் கொடுத்து, குளிப்பாட்டி, தோள்லயே போட்டுத் தூங்க வச்சா. வடிவு முதல்ல அம்மான்னு சொன்னது அவளைப் பாத்துத்தான்.

வையி. பென்சிலை வையி. அது டைபாய்டு. டைபாய்டுக்கு உன் கோலத்துல இடம் கிடையாது. வேணும்னா ஓரத்துல டைபாய்டுன்னு எழுதிக்கோ.

கோமு யாருன்னா? என்ன தாயி, வாயிலருந்து ஒரு வார்த்தை விழக்கூடாது உனக்கு. கோமதி. சரி, தங்கச்சிதான். இருந்தா. இப்ப எங்களுக்குள்ள பேச்சு இல்ல, ஒன்பது வருஷம் ஆச்சு. அதான் கூடப்பிறந்தவ இல்லன்னேன். பேச்சு இல்லாதவ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.

ஏன் பேச்சு இல்லைன்னு கேளு. நீ கேக்கலன்னாலும் சொல்லுவேன். வடிவுக்கு அப்ப இருபத்திநாலு வயசு. சாத்தூர்ல இருந்து ஒரு மாப்பிள்ளை வீடு. பையன் ஈ.பி.யில வேலை. குணமான பையன், வடிவுக்கும் போட்டோ பிடிச்சுப்போச்சு, நோட்டுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரிஞ்சா. அவங்க முறைப்படி உள்விசாரணைக்கு வந்தாங்க. எங்க வந்தாங்க? தெருமுனைக் கடைக்கு. பையனோட அப்பாவும் சித்தப்பாவும். என் முகம் அவங்களுக்குத் தெரியாது. இந்த பெஞ்சுல, நீ உட்கார்ந்திருக்கிற இதே இடத்துல உட்கார்ந்துக்கிட்டு, ரெண்டு சோடா வாங்கிக்கிட்டு, இங்க சீனியம்மாள்னு ஒரு அம்மா இருக்காங்களாமே, குடும்பம் எப்படின்னு என்கிட்டயே கேட்டாங்க.

நான் விடுவேனா? சீனியம்மாளா, அவங்க வீட்டுல பொண்ணு எடுக்கக் கொடுத்து வச்சிருக்கணும், குடும்பத்துல ஒரு தும்மல் கூடக் கிடையாதுன்னு ஆரம்பிச்சு, அந்தம்மா குணம், அந்தம்மா கைராசி, அந்தம்மா நாக்கு சுத்தம்னு அரை மணி நேரம் பேசினேன். பாட்டில் பக்கமே போகல. கடைசியில சோடாவுக்குக் காசும் வேண்டாம்னுட்டேன். அங்கதான் சந்தேகம் வந்திருக்கும்.

திரும்பிப் போற வழியில கோவில்பட்டியில சாப்பிட இறங்கியிருக்காங்க. இருக்கிற எல்லாக் கடையையும் விட்டுட்டு கோமு மெஸ்ல போயி இலையைப் போட்டு உட்கார்ந்திருக்காங்க. கழுகுமலைக்காரி நடத்துற மெஸ்ஸுன்னு யாரோ சொல்லியிருக்கான். அவகிட்டயும் கேட்டிருக்காங்க. அவ என்ன செய்யணும்? அக்கா மகதானே, தன் தோள்ல வளர்ந்த பிள்ளைதானே. வாயை மூடிக்கிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்தியிருந்தா முடிஞ்சுது.

ஊத்தல. கரண்டியை வச்சுட்டு நின்னு சொல்லியிருக்கா: "சீனியம்மாள் எங்க அக்கா. வடிவு மாதிரிப் பொண்ணு உங்களுக்குக் கிடைக்காது. எங்க குடும்பத்துல இந்த மனசுச் சீக்கு உண்டு. எனக்கு வந்துச்சு, நான் மாத்திரை சாப்பிட்டு நல்லா இருக்கேன். எங்க மாமா சாப்பிடாமப் போயிட்டார். அவளுக்கு வரணும்னு இல்ல. வந்தா ஒளிக்காமப் பாத்துக்கிடுங்க, அது போதும்."

ரசத்துக்குக் கூட உட்காரலையாம். எந்திரிச்சுப் போயிட்டாங்க.

இவளை என்ன சொல்லித் திட்டுவ? நான் போயி மெஸ் வாசல்ல நின்னு, சாப்பிடுறவன் எல்லாம் இலையை மடிக்கிற மாதிரிப் பேசிட்டு வந்தேன். அவ ஒரு இலையைப் போட்டா. அக்கா, சாப்பிட்டுப் போன்னா. சோறா முக்கியம்? எம் மக நோட்டுக்குள்ள இருந்த போட்டோவை எடுத்து அரிசிப் பானைக்கு அடியில வச்சுட்டா. அப்புறம் நான் கொண்டு வந்த எந்தப் போட்டோவையும் அவ கையில வாங்கல.

கோமுவுக்கு என்ன வந்துச்சுன்னு எழுதணுமா? இருபத்தாறு வயசுல வந்துச்சு. புருஷன் துபாய்ல. ஒரு நாள் காலையில வீதிக்கெல்லாம் போயி எல்லாரும் மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டுட்டு, அண்டா அண்டாவா ஆக்கினா. நாப்பது பேர் சாப்பிட்டாங்க. மறுநாளும் ஆக்கினா. மூணாம் நாள் அரிசி தீர்ந்து கழுத்துச் சங்கிலியைக் கழட்டினா. பாடிக்கிட்டே ஆக்குவா. அப்புறம் ஒரு வருஷம் பேச்சே இல்ல. அவ புருஷன் வந்து மதுரையில காட்டினார். என்னமோ உப்பு மாத்திரையாம், லித்தியமோ என்னமோ. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, மூணு மாசத்துக்கு ஒருதடவை ரத்தம் கொடுத்து அளவு பாத்துக்கிட்டு, தண்ணி நிறையக் குடிச்சுக்கிட்டு, மணி அடிச்ச மாதிரி முழுங்குறா. இன்னிக்கும் தினம் நாப்பது பேருக்கு ஆக்குறா. அப்ப அதுக்குப் பைத்தியம்னு பேரு. இப்ப அதுக்கு மெஸ்ஸுன்னு பேரு.

அதுலயும் வெக்கம் இருக்கா? கல்லாப் பெட்டிக்குப் பக்கத்துல எல்லாரும் பாக்குற மாதிரி மாத்திரை டப்பாவை வச்சிருப்பா. சாப்பிட வர்றவன் என்னக்கா மாத்திரைன்னா, மனசுக்குடா, உனக்கு வேணுமான்னு கேப்பா. குடும்ப மானத்தைக் கல்லாவுல வச்சு வித்தவ.

நீ ஏன் இப்படி நிமிர்ந்து உட்கார்ற? ஓ. கோமுவுக்கு அந்த மாத்திரை கேட்டுச்சுங்கிறதுதான் உனக்கு வேணும். டாக்டர் கேட்டது அதுதானா.

ஒரு நிமிஷம் இரு. சோடா குடிச்சு முடிச்சுட்டல்ல, அந்தப் பாட்டிலை இப்படிக் கொடு. கழுவிட்டு வந்துடுறேன்.

...

இல்ல. இருக்கட்டும். அப்புறம் கழுவிக்கலாம்.

எழுதிக்கோ. கோமதி. கோவில்பட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால, பேரு போர்டே கிடையாது, வடிவு மெஸ்ஸுன்னு கேட்டாச் சொல்லுவாங்க. ஆமா, வடிவு பேருதான் வச்சிருக்கா. அதுவும் ஒரு திமிரு. போன் நம்பர் சொல்றேன், எழுது, மெதுவாச் சொல்றேன். எழுதிட்டியா? திருப்பிச் சொல்லு. சரி. நான் அந்த நம்பருக்கு ஒரு தடவை கூடப் போட்டதில்ல. எப்படி மனப்பாடம்னு கேக்காத, எனக்கே தெரியாது. மாத்திரை என்ன, எத்தனை, எப்போ, எல்லாம் சொல்லுவா. பழைய சீட்டெல்லாம் ஒரு மஞ்சப்பையில கட்டி வச்சிருப்பா. அவளுக்குத்தான் வெக்கம் கிடையாதே.

நம்பர் யாரு கொடுத்தான்னு கேப்பா. அக்கான்னு சொல்லாத. ஆஸ்பத்திரியில எடுத்துக் கொடுத்தாங்கன்னு சொல்லு. நம்ப மாட்டா. நம்பாட்டி, சரி, அக்கான்னே சொல்லிக்கோ. வடிவைப் பாக்க வரணும்னு கேட்டா, சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும்னு சொல்லு. அந்த நேரம் நான் கடையில இருப்பேன். நான் இருந்தாலும் பரவாயில்ல. வரட்டும். அந்தப் பிள்ளை ஊசி மயக்கத்துலயும் அவளைத்தான் கேட்டிருக்குன்னா.

அவ வட்டத்தை அழிச்சுட்டியா? அழிக்கலயா? நல்லதாப் போச்சு. கருப்படி. அவ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. பூவலிங்க மாமா கட்டம் அடிச்சாச்சு. அவர் தண்ணி தாங்கும்னாரு. தாங்கத்தான் செஞ்சுது, எனக்கு. அவருக்குத்தான் தாங்கல.

தாளைச் சுருட்டாத. இரு.

அந்த ஓரத்துல எனக்கு டைபாய்டுன்னு எழுதினல்ல. அதை அடிச்சிடு. அஞ்சு மாசத்துல ஒரு நாள் கூட எனக்குக் காய்ச்சல் அடிக்கல தாயி.